பாராளுமன்றத்தில் ஒரு நாள்: நம்ம கேள்வி எங்கே நிற்கிறது?

லிந்துலை வாசகர் | 2025 ஜூன் 10, இரவு

போன தடவை இலங்கைப் பாராளுமன்றம் கூடினப்போ காய்ச்சல்ல படுத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க நேரலை ஓடவிட்டுப் பார்த்தேன். காலையில ஏதோ கேள்வி பதில்னு போச்சு, ஒண்ணும் விளங்கல. அப்புறம் ஒழுங்குப் பிரச்சினை, ஒழுங்குப் பிரச்சினைன்னு ஒரே சத்தம். பின்னேரம் நம்ம மலையகத் தமிழ் உறுப்பினர் எழும்பிப் பேசும்போது முன்வரிசையில அரைவாசிக் கதிரை காலி. அவருக்குக் கிடைச்சது எட்டு நிமிஷம். 1947ல இருந்து நம்ம ஆட்கள் பேசிட்டுத்தான் இருக்காங்க. பேசி என்ன கண்டோம்? இதைப் பார்க்கிறது வீண் வேலைன்னு சொல்றேன். மறுப்பு இருந்தா சொல்லுங்க.

டீச்சரின் பதில் | ஜூன் 10, இரவு 10.40

மறுப்பு இருக்கு தம்பி. விளங்கவில்லை என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்தக் காலை நேரம்தான் அன்றைக்கு நமக்கு ஆகப் பிரயோசனமான நேரம்.

ஒன்பதரைக்குச் சபை கூடும். சபாநாயகர் அறிவிப்பு, பத்திரங்கள் சமர்ப்பிப்பு, மனுக்கள், அதற்குப் பிறகு வாய்மூல விடைக்கான வினாக்கள். பின்னேர விவாதத்தில் ஒரு உறுப்பினர் தொண்டை கிழியக் கத்தினாலும் அமைச்சர் விரும்பினால் பதில் சொல்லுவார், விரும்பாவிட்டால் தொடவே மாட்டார். கேள்வி நேரத்தில் அப்படி விட முடியாது. அவருடைய அமைச்சின் பெயர் கேள்வியிலேயே அச்சாகி இருக்கும். எழும்பத்தான் வேண்டும். பதில் இல்லாவிட்டால் காலம் கேட்க வேண்டும். காலம் கேட்டதும் ஹன்சாட்டில், அதாவது சபையில் பேசியதை அச்சிடும் பதிவில், ஏறும்.

நாளைக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடக்கிறது.

ஜூன் 11, காலை 6.15

ஏன் விளங்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உறுப்பினர் கேள்வியை வாசிப்பதில்லை. எழும்பி, அந்த வினாவைக் கேட்கிறேன் என்று ஒரு வரி சொல்லி அமர்ந்துவிடுவார். கேள்வி முழுதாக ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அன்றைய நிகழ்ச்சி நிரலில், இருக்கும். அமைச்சர் எழும்பி "(அ) ஆம். (ஆ) ஏற்புடையதன்று" என்று வாசிப்பார். இல்லாவிட்டால் "விடையைச் சபாபீடத்தில் வைக்கிறேன்" என்று சொல்லி, வாசிக்காமல் தாளைச் சபை மேசையில் கொடுத்துவிட்டு அமர்ந்துவிடுவார். வீட்டில் இருந்து பார்க்கிறவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

பாராளுமன்ற இணையத்தளத்தில் அன்றைய ஒழுங்குப் பத்திரம் தமிழிலும் இருக்கிறது. அதைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதுதான் அமைச்சர் எதற்குப் பதில் சொன்னார், கேள்வியின் எந்தப் பகுதியைத் தாண்டிப் போனார் என்பது பிடிபடும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் கூடையைக் கொடுத்துவிட்டு வருகிற பெண் நம்ம மலையில் ஒருத்தியும் இல்லை. இங்கேயும் முள்ளைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 11, பகல் இடைவேளை

மேலதிகக் கேள்விகளைப் பற்றி எழுத மறந்தேன். அச்சிட்ட பதில் வந்த பிறகு கேட்ட உறுப்பினர் அதிலிருந்து தொடர்ந்து கேட்கலாம். அங்கேதான் உயிர் இருக்கிறது. அமைச்சு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாள் முடிந்துவிடும், அமைச்சர் தன் சொந்த வாயால் பேச வேண்டி வரும். விடயம் தெரிந்த உறுப்பினர் அந்த இடத்தில் ஒரு திகதியை வாங்கிவிடுவார். தெரியாதவர் அந்த நேரத்திலும் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார், சபாநாயகர் "கேள்வியைக் கேளுங்கள்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போவார். நம்ம மாவட்ட உறுப்பினர்கள் இரண்டு விதத்திலும் இருக்கிறார்கள். கட்சி பார்த்துச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 11, இரவு

இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், இதெல்லாம் டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று. தபாலால் தெரியும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று. அரசாங்கப் பயிற்சிநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஒப்பிசுக்கு வந்து அங்கேயே கிடந்தது. அவளுடைய அப்பா வேறு வேலையாகப் போனபோது மேசையில் கண்டு எடுத்து வந்தார். திகதி கடந்துவிட்டது. கவரின் மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். அந்தக் கவரை அவள் என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வீட்டிலக்கம் கிடையாது, கடிதம் ஒப்பிசுக்குத்தான் போகும், ஒப்பிசில் இருந்து யார் கையில் எப்போது கிடைக்கும் என்பது யார் தலையிலும் விழாத பொறுப்பு. மலையகத்தில் இதை அனுபவிக்காத குடும்பம் குறைவு.

நாலைந்து பெற்றோரும் நானும் உட்கார்ந்து ஒரு கேள்வி எழுதினோம். முதல் தாளில் இருநூறு வருட அநீதி, நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த மக்கள் என்று ஒரு பக்கம் போயிற்று. உறுப்பினர் ஒருவரின் இணைப்புச் செயலாளர் அதை வாசித்துவிட்டு, "டீச்சர், இது பேச்சு. கேள்வி எங்கே?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னபடி உடைத்து எழுதிப் பார்த்தோம். இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வீட்டு வாசலுக்குத் தபால் போகாத தோட்டப் பிரிவுகள் எவை? அங்கே கடிதங்களைப் பொறுப்பேற்பவர் யார்? எந்தச் சுற்றறிக்கையின் கீழ்? வீட்டிலக்கம் வழங்க நடவடிக்கை உண்டா, எந்தத் திகதிக்குள்? இன்றேல், ஏன்?

கண்ணீர் எல்லாம் வடிந்துபோய் எலும்பு மட்டும் மிஞ்சியது. அந்த எலும்புதான், முறைக்குக் காத்திருக்கும் வினாக்களின் ஒழுங்குப் புத்தகத்தில் ஏறியது.

ஜூன் 12

பிறகு என்ன ஆனது என்று எல்லாரும் கேட்கிறீர்கள்.

வரிசையில் நெடுநாள் கிடந்தது. முறை வந்தபோது அமைச்சர் காலம் கேட்டார். அடுத்த முறை பதில் சபாபீடத்தில் வைக்கப்பட்டது. வாசிக்கப்படவில்லை, தொலைக்காட்சியில் ஒரு வினாடிகூட வரவில்லை. ஹன்சாட் வந்த பிறகு பக்கத்தைப் பதிவிறக்கினோம். கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகி இருந்தது, பதில் சிங்களத்தில் மட்டும். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் வரிக்கு வரி வாசித்துச் சொன்னாள். தபாலை ஒப்பிசில் ஒப்படைப்பது பழைய ஏற்பாடு, வீட்டுக்கு வீடு கொடுப்பது தபால் திணைக்களத்தின் பொறுப்புக்குள் வரும், ஆள் பற்றாக்குறை இருக்கிறது. சுருக்கம் இவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இரண்டாவது வரியில் எல்லாம் இருக்கிறது. யார் பொறுப்பு என்பதை அமைச்சரே எழுத்தில் தந்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனபோது, அதுவரை "அது தோட்டத்து விசயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லவில்லை. இப்போது தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கு வாரத்தில் சில நாள் தபால்காரர் வருகிறார். மேல் பிரிவான மேக்கணக்குக்கு இன்னும் இல்லை, அங்கே பாதையும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் போன வாய்ப்பு திரும்பவில்லை. அதை நான் சாதனை என்று எழுத மாட்டேன்.

ஜூன் 13

பதுளை அண்ணன் ஒருவர், "அப்படியென்றால் பேச்சே தேவையில்லையா, எல்லாரும் பாரம் நிரப்புவது போலக் கேள்வி எழுதினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஏழு பேர் வென்று போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம். தெரிவு செய்யப்படும் 95 ஆசனங்களில் ஏழு. அடுத்த வருடமே, நம்ம ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே சபைக்கு வந்தது. எதிர்த்துப் பேசினார்கள். இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். எண்ணிக்கையில் தோற்றார்கள். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1952 தேர்தலில் நம்ம ஆள் ஒருவர்கூட வெல்லவில்லை, சத்தியாக்கிரகம்தான் மிச்சம். தேர்தலில் வென்று மறுபடி ஒருவர் சபைக்குள் போக 1977 வரை ஆனது. நுவரெலியா–மஸ்கெலியா பல்அங்கத்தவர் தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான். இடையில் அவர் நியமன உறுப்பினராக இருந்தது வேறு கணக்கு.

அந்த இருபத்தைந்து வருடத்தில்தான் இந்தியாவோடு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நடந்தது. 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த 9,75,000 பேர் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவரும் அந்தச் சபையில் இல்லை. ஆள் இல்லாத சபையில் கேள்வியும் இல்லை, பேச்சும் இல்லை. லிந்துலைத் தம்பி, பேசி என்ன கண்டோம் என்று கேட்டீர்களே, பேச ஆளில்லாத காலத்தில் என்ன கண்டோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டமும் 2003 சட்டமும் அதே சபையில்தான் நிறைவேறின, நம்ம ஆட்கள் உள்ளே இருந்த காலத்தில்.

அதனால் பேச்சும் வேண்டும். 1948இல் எதிர்த்தவர்களின் பேச்சு ஹன்சாட்டில் இருப்பதால்தான், யாரும் எதிர்க்கவில்லை என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாமல் இருக்கிறது. ஆனால் எட்டு நிமிடப் பேச்சில் லயத்துத் தகரத்தையும் சம்பளத்தையும் பாதையையும் பாடசாலையையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றுக்கும் பதில் வராது. என் ஆதங்கம் அங்கேதான்.

ஜூன் 13, பின்னேரம்

காலிக் கதிரை பற்றி: கூட்ட நடப்பெண் இருபது. 225 பேர் கொண்ட சபையில் இருபது பேர் இருந்தால் போதும், நடக்கும். அதற்கும் குறைந்து யாராவது சுட்டிக்காட்டினால் மணி அடிப்பார்கள். சபை ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை பின்னேரம் வருவதால் அந்தக் காட்சியைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

உயர்தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போயிருக்கிறோம். ஹட்டனில் நடுச்சாமத்தில் பஸ் ஏறி, கினிகத்தேனைக் குளிரைக் கடந்து, விடியும்போது அவிசாவளைப் பக்கம் புழுக்கம். போன், பை எல்லாவற்றையும் வெளியில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தியவன்னா ஓயாவுக்கு நடுவில் செப்புக் கூரைக் கட்டடம், ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1982இல் திறந்தது. பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்த அளவுக்குக் கட்டடத்தைப் பார்க்கவில்லை.

கலரியில் உட்கார்ந்திருந்தபோது கீழே ஒரு உறுப்பினர் தமிழில் தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை என் கையைச் சுரண்டினாள். "டீச்சர், யார் யார் காதுக்கு அதை மாட்டுறாங்கன்னு பாருங்க." உரைபெயர்ப்புக் கருவியைச் சொன்னாள். எதிரே ஒருவர் உடனே எடுத்து மாட்டினார். இன்னொருவர் அதைக் கையில் எடுத்து, பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே மேசையில் திரும்ப வைத்தார். பேச்சு முடியும் வரைக்கும் அது அங்கேயே கிடந்தது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகளின் பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரையின்படி உறுப்பினர் தமிழிலும் தன் கடமையைச் செய்யலாம். அது உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாது. கேள்வியைத் தமிழிலேயே கொடுக்க வேண்டும், எப்படியும் மூன்று மொழியில் அச்சாகும். மேலதிகக் கேள்வியைச் சிங்களம் தெரிந்தவர் சிங்களத்தில் கேட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நிமிடத்தில் அமைச்சரின் காதுக்கு நேராகப் போக வேண்டும். கருவி மேசையில் கிடக்கும்போது உரிமை மட்டும் காதுக்குள் போகாது.

ஜூன் 16

மேலே எழுதியதற்குச் சிலர் கோபித்திருக்கிறீர்கள். தமிழில் பேசாதவர் நம்ம பிரதிநிதியே இல்லை என்று ஒருவர். மஸ்கெலியா தங்கச்சி ஒருத்தி அதற்கு நல்ல பதில் எழுதியிருக்கிறாள்: 2024இல் மலையகத்திலிருந்து முதல் முறையாகத் தமிழ்ப் பெண்கள் சபைக்குப் போனார்கள், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. அவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பதைவிட, கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு மலையில் மலசலகூடம் இல்லாததைப் பற்றி என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று பார்ப்போம் என்கிறாள். அதே அளவுகோலை ஆண் உறுப்பினர்களுக்கும் வைக்க வேண்டும் என்பது மட்டும் என் சேர்க்கை.

ஜூன் 17

சம்பளம். எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "சபையில் பேசியும் 1,700 ரூபா நாள் சம்பளம் வரவில்லையே?"

இதில் பாராளுமன்றத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்து கேட்க வேண்டும். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாவை அறிவித்தார், வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது 1,350. 2025 வரவு செலவுத் திட்ட உரையில் 1,700 ஆக்க நடவடிக்கை எடுப்போம் என்று மறுபடி சொன்னார்கள். காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம், சம்பளம் தீர்மானமாவது சம்பள நிர்ணய சபையில். அமைச்சரிடம் "எப்போது தருவீர்கள்" என்று கேட்டால் "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று தப்பிவிடுவார்.

நான் கேட்க விரும்புவது வேறு. குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மீறிய கம்பனி எது, அதற்கு எடுத்த நடவடிக்கை என்ன? நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற அளவைத் தோட்டம் தன்னிச்சையாகக் கூட்டினால் தொழில் திணைக்களத்துக்கு வந்த முறைப்பாடு எத்தனை? அளவு குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்களே, அது எந்தச் சட்டத்தின் கீழ்? நாள் சம்பளம் முழுதாகக் கைக்கு வராத நாட்களின் கதை அங்கேதான் இருக்கிறது. என் அம்மா கொழுந்து எடுத்தவர். மழை நாளில் அரைப்பேர் விழுந்த சாயங்காலம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம்.

ஜூன் 17, இரவு

பிரதேச சபை பற்றிக் கேட்ட நோர்வூட் தம்பிக்கு: 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். நம்ம வாக்கில் வந்த சபை, நம்ம லயத்துக்கு ஒரு வடிகான் வெட்ட வழியில்லை. 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே வருடம் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் தேர்தலுக்கு வந்தன. இவையும் பாராளுமன்றத்தில் பேசியும் கேட்டும் கிடைத்தவை. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 19

தனிச்செய்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில்.

அடுத்த கேள்வி காணி உறுதி பற்றியது. ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறி வருடக்கணக்கில் ஆகியும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இங்கே இருக்கிறார்கள். உறுதி இல்லாமல் வங்கிக் கடனும் இல்லை, ஒரு அறை கூட்டிக் கட்டவும் பயம். அமைச்சரிடம் கேட்கும் முன் நம்ம பக்கம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் விண்ணப்பம் போடுகிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், எதற்காக என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். அங்கே வருகிற எண்ணையும் சபையில் வருகிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே முதல் மேலதிகக் கேள்வி.

லிந்துலைத் தம்பி, இந்த வேலையில் சேர்ந்துகொள்கிறேன் என்று எழுதியதற்கு நன்றி. அடுத்த சபை வாரத்தின் ஒழுங்குப் பத்திரங்களை நீங்கள் பாருங்கள். மலையகத்தைத் தொடுகிற வினாக்களின் இலக்கத்தையும் அமைச்சையும் குறித்து இங்கே போடுங்கள். பதில் வாசிக்கப்பட்டதா, சபாபீடத்தில் வைக்கப்பட்டதா, காலம் கேட்டார்களா என்பதையும் எழுதுங்கள்.

மேக்கணக்கு அக்கா கேட்டதற்கு: ஆமாம், காணி உறுதிக் கேள்விக்காக நீங்கள் தரும் விபரத்தில் கிராம சேவகர் பிரிவின் பெயர் கட்டாயம் வேண்டும், தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. வீடு எந்த வருடம் எந்தத் திட்டத்தில் கட்டியது, கடன் கட்டிய துண்டு இருக்கிறதா, கடைசியாக உறுதி தருவதாக யார் எங்கே வைத்துச் சொன்னார்கள், இவ்வளவும் எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை இங்கே போட வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் பாடசாலையில் இருப்பேன், தாளோடு வாருங்கள்.